லாரிக் கதவில் ஓர் ஆறு கால் ஆமை

அனுப்புநர்: பெயர் எழுத முடியாத நிலையில் இருப்பவள்.
பெறுநர்: ஆசிரியர் அவர்கள், பழைய படைவண்டிகள் மாத இதழ்.
பொருள்: எங்கள் அப்பாவின் கட்டுரையை வெளியிடாமல் இருக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்களிடம் உள்ள வண்டிகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த கடிதம் விடுப்பு விண்ணப்பம் ஒன்றுதான். எழுதும் வேகத்தில் எங்காவது ‘காய்ச்சல் காரணமாக’ என்று வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளவும். எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் இருப்பது அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்த டார்ச். அதில் ஒரே கிரீஸ். தாளின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை தெரிந்தால் அது என்னுடையதுதான், யாரிடமும் காட்ட வேண்டாம். எழுத்து கோணலாக இருப்பதற்குப் பாதிக் காரணம் பயம், மீதி தாளுக்கு அடியில் இருக்கும் என் முழங்கால்.

எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை. இருந்தாலும் என்னை எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் பெரியவள் கொட்டகையில் நிற்கிறாள். ஆறு சக்கரம், பச்சை நிறம், கான்வாஸ் கூரை, எந்தக் காலத்துப் போரிலோ சிப்பாய்களை ஏற்றிப்போன லாரி. நான் பிறந்து கொஞ்ச நாளில் அப்பா அவளைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டு வந்தாராம். அப்பாவுக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்தவர், ஆனால் வீட்டுக்குள் நான் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரியவள் லேசாக இருமினால் போதும், சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுவார். நான் மூன்று நாள் நிஜமாகவே இருமியபோது, “ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்” என்று ஏதோ யோசனையில் சொன்னார். பெரியவளின் கார்புரேட்டரைத் துடைக்க என் பூத்துவாலை போயிற்று. போல்ட்டுகளில் இருந்த எண்ணெயைப் போக்க அம்மாவின் பெரிய பாத்திரம் போயிற்று, அதற்கு அம்மா ஒரு வாரம் பேசவில்லை, பேசாததை அப்பா கவனிக்கவும் இல்லை. நான் படிக்கும் நாற்காலி எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். பெரியவளுக்கு மட்டும் போன மாதம் புது இருக்கை வந்தது, குதிரைமுடி அடைத்தது, அந்தக் காலத்தில் அப்படித்தான் அடைத்தார்களாம். அதில் நான் உட்காரக் கூடாது. குதிரைமுடி அமுங்கிவிடுமாம். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அப்பா எங்கள் கணக்கு டீச்சரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீச்சருடைய தாத்தா வீட்டில் பழைய ஜீப் கிடக்கிறது என்று எப்படியோ பேச்சு வந்து, அடுத்த பெற்றோருக்கு முறை வரும்வரை ஜீப்பின் பின் ஆக்சிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில், “ரொம்ப நல்ல டீச்சர்” என்றார்.

இதெல்லாம் பழகிப்போன பொறாமை, இதற்காக உங்களுக்குக் கடிதம் எழுதமாட்டேன். இப்போது வந்திருப்பது புதிது.

படைவண்டிச் சங்கம் நடத்தும் கண்காட்சிக்காக அப்பா பெரியவளின் பழைய பெயிண்டை அடுக்கு அடுக்காகத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது இடது கதவின் உள்பக்கத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். சாண்ட்பேப்பர் கீழே கிடந்தது. நான் எட்டிப் பார்த்தேன். பச்சைக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒரு உருவம் தெரிந்தது, பக்கத்தில் பதினேழு என்ற எண். அப்பா சட்டென்று எழுந்து அதை மறைத்துக்கொண்டு நின்றார். “உள்ள போ சின்னவளே, தூசி,” என்றார். குரல்கூடச் சரியாக இல்லை. பெரியவளுக்கு ஏதோ பெரிய புதையல் கிடைத்துவிட்ட மாதிரி முகம். நான் உள்ளே போனேன். ஆனால் எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, ஐயா. அது ஆமை. நான் வரைந்தது.

எங்கள் மழலையர் பள்ளியில் எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்குப் பை மாட்டும் கொக்கியில் ஒரு படமும் ஒரு எண்ணும் ஒட்டியிருப்பார்கள். எனக்கு ஆமை, பதினேழு. பக்கத்துக் கொக்கிக்காரிக்கு மயில். அவள் இன்றும் என் வகுப்பில்தான் இருக்கிறாள், இன்றும் அவளுக்கு அமைவதெல்லாம் மயிலாகத்தான் அமைகிறது, அது வேறு கதை. அந்த நாட்களில் அப்பாவுக்குச் சங்கமும் தெரியாது, சரியான பச்சை எது என்றும் தெரியாது. கதவுக்கு ஏதோ ஒரு பச்சையைப் பூசிக்கொண்டிருந்தவர், நான் தொந்தரவு செய்யாமல் இருக்க ஒரு சின்ன பிரஷ்ஷும் வெள்ளை பெயிண்ட்டும் கொடுத்தார். எனக்கு வரையத் தெரிந்தது ஒன்றுதான், அதை வரைந்தேன். நாலு கால் போட்ட பிறகும் இடம் மிச்சம் இருந்ததால் இன்னும் இரண்டு போட்டேன். பின்னால் வேறொரு பச்சை வந்து அதை மூடிவிட்டது. தினமும் காலையில் அந்தக் கொக்கியில் என் பையை மாட்டிவிட்டுக் கடைக்குப் போனவர் அப்பாதான். அவருக்கு அது ஞாபகம் இல்லை.

மறுநாள் மாலையே சங்கத்தார் வந்துவிட்டார்கள். தலைவருக்குப் பட்டப்பெயர் கர்னல். அவர் படையில் இருந்தவர் இல்லை, பஸ் கம்பெனியில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்து ஓய்வு பெற்றவர், மீசையால் வந்த பெயர். கூடவே ஜீப் வைத்திருக்கும் பல் டாக்டர். கதவைப் பார்த்ததும் கர்னல் சொன்னார்:

“என்னப்பா இது, சின்னப் பிள்ளைங்க கிறுக்கின மாதிரி இருக்கு. தேய்ச்சு எடுத்திரு.”

“இல்லண்ணே, ஒரிஜினல். போர்க்காலத்தது,” என்றார் அப்பா. அவர் சொல்லியே முடிக்கவில்லை, பதில் வந்துவிட்டது.

“எத வச்சுச் சொல்ற?”

“கோட்டப் பாருங்க. கை நடுங்கியிருக்கு. குண்டு விழுந்துட்டு இருந்திருக்கும்.”

கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். “ஆமா. நல்லாவே நடுங்கியிருக்கு. பாவம், யாரு பெத்த பிள்ளையோ.”

“ஆமை மாதிரி தெரியுது,” என்றார் பல் டாக்டர். “ஆனா ஆமைக்கு எங்க ஆறு காலு? இது டாங்கி. இந்தப் பக்கம் சக்கரம், இந்தா நீட்டிட்டு இருக்கே, இது பீரங்கி.”

அது வால்.

“எதுவா இருந்தாலும் விதி ஒண்ணுதான்,” என்றார் கர்னல். “ஒரிஜினல் குறின்னா அப்படியே விடணும். இல்லேன்னா இரும்பு தெரியுற வரைக்கும் தேய்க்கணும். இல்லாட்டி கண்காட்சிக்குள்ள வண்டி வரக் கூடாது. உன் வண்டின்னாலும் அதான், என் வண்டின்னாலும் அதான்.”

நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த விதியின் அர்த்தம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சிப்பாய் வரைந்த ஆமை என்றால் அதற்கு மரியாதை. சின்னவள் வரைந்த ஆமை என்றால் சாண்ட்பேப்பர். அப்பா எப்படிப்பட்டவர் என்று நீங்களே விசாரித்துப் பார்க்கலாம். ஒரு வாஷர் அந்தக் காலத்து வாஷர் இல்லை என்று தெரிந்து பாதி எஞ்சினைத் திரும்பப் பிரித்தவர். பெரியவளின் உடம்பில் பொய்யாக ஒரு நட்டு இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. உண்மை தெரிந்தால் “அப்படியா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், ஐயா. அந்த “அப்படியா”வைத்தான் தாங்க மாட்டேன்.

அன்றிலிருந்து அப்பா தினமும் கடையிலிருந்து வந்ததும் நேராக அந்தக் கதவுக்குத்தான் போகிறார். லென்ஸ் வைத்துப் பார்க்கிறார். மெல்லிய துணியால் ஒத்தி எடுக்கிறார். நேற்று அந்தப் பதினேழை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். என் பரீட்சைத் தாளில் கையெழுத்துப் போடும்போது மதிப்பெண் இருக்கும் பக்கத்தைக்கூடத் திருப்பாதவர். உலகத்தில் தான் வரைந்த ஆமையைப் பார்த்தே வயிறெரிகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒருமுறை சாப்பிடும்போது துணிந்து, “அப்பா, ஆமைக்கு எத்தனை கால்?” என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரையேறிவிட்டது. அம்மா அவர் தலையில் தட்டினார். “சாப்பிடும்போது பேசாத,” என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பா தட்டோடு எழுந்து போய்விட்டார்.

பிறகு கர்னல் விடவில்லை. “இத நாலு பேருக்குத் தெரியப்படுத்தணும், பத்திரிகைக்கு எழுது,” என்று தினமும் வந்து நின்றார். அப்பா எழுதினார். பேனாவைக் கடித்து, தாளைக் கிழித்து, மறுபடி எழுதி. என் பிறந்தநாள் அட்டையில் ‘அன்புடன் அப்பா’ என்பதற்குமேல் ஒரு எழுத்து எழுதாதவர் அந்த ஆமைக்கு ஏழு பக்கம் எழுதினார். படம் எடுக்கும்போது விளக்கைப் பிடித்தது நான். ஒரு படத்தில் என் முழங்கை வந்துவிட்டது என்று “கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் தள்ளு” என்று என்னைக் கொட்டகைக்கு வெளியே வரை தள்ளினார். அந்தக் கட்டுரைதான் இப்போது தங்கள் மேசையில் இருக்கிறது. அடுத்த இதழில் வருகிறது என்றும், அதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை தங்கள் நிபுணர் நேரில் பார்க்க வருகிறார் என்றும் தாங்கள் எழுதிய பதிலைக் கர்னல் சத்தமாக வாசித்தார். “அவர் பெரிய ஆளு. பெயிண்ட சுரண்டி, எத்தன அடுக்கு, எது எந்த வருஷத்ததுன்னு சொல்லிருவாரு,” என்றும் சொன்னார். அன்றிலிருந்து எனக்குப் பள்ளியில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஆமை கடையில் வாங்கிய சாதாரணப் பச்சையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சிப்பாய்கள் சண்டைக்கு நடுவே எங்கள் தெருமுனைக் கடையில் வந்து பெயிண்ட் வாங்கியிருக்க முடியாது என்பது நிபுணருக்குத் தெரிந்துவிடும். சங்கத்தார் முன்னால் அப்பா பொய்யராக நிற்பார். எனக்கு அவர்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதைப் பார்க்க முடியாது.

ஆகவே ஐயா அவர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். நிபுணரையும் நிறுத்திவிடவும், அவருக்குக் காய்ச்சல் காரணமாக என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆமை பொய் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், எழுதினால் அப்பா தேய்த்துவிடுவார். மெய் என்றும் எழுத வேண்டாம், எழுதினால் கர்னல் அதைக் கண்ணாடிபோட்டு மாட்டிவிடுவார். இரண்டும் இல்லாத ஒரு காரணம் ஆசிரியர்களிடம் எப்போதும் இருக்கும் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார்.

தங்கள் இதழ் நீடூழி வாழட்டும், தங்கள் வண்டிகளின் பேட்டரி எந்தக் குளிரிலும் இறங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
காய்ச்சல் இல்லாமலே நடுங்கும்,
தங்கள் சந்தாதாரர் ஒருவரின் சின்னவள்.

பின்குறிப்பு: இது காலையில் எழுதுவது. மேலே உள்ள அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். படுக்கை விரிப்பில் கிரீஸ் எப்படி வந்தது என்று அம்மா தலையணையைத் தூக்கியதில் கடிதம் அகப்பட்டுவிட்டது. வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றபடி முழுவதும் படித்தார். டாங்கி வரும் இடத்தில் துவைக்கப் போட்ட துணிக் குவியலின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏன்டி, உங்கப்பாவுக்கு ஞாபகம் இல்லன்னா நெனச்ச?” என்றார். “அத பார்த்த அன்னைக்கே கையெல்லாம் பச்சைத் தூளோட நேரா சமையல்கட்டுக்கு வந்தாரு. ‘நம்ம சின்னவளோட கொக்கி கெடச்சிருச்சு’ன்னாரு. அப்புறம் கர்னல் தேய்க்கச் சொல்லிருவாரேன்னு தலையப் பிடிச்சுட்டு உக்காந்தாரு. போரு, குண்டு எல்லாம் அங்கயே ஜோடிச்சதுதான். கை நடுக்கம் மட்டும் நான் எடுத்துக் குடுத்தது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“கர்னல் முன்னாடி நீ சிரிச்சிருவ.”

சிரித்திருப்பேன், ஐயா.

“பத்திரிகை, நிபுணர்னு இவ்வளவு தூரம் வரும்னு அவருக்குத் தெரியாது. அந்த ஆளு வர்றாருன்னதுல இருந்து மனுஷன் தூங்கல. நான் சொன்னேன்னு காட்டிக்காத,” என்றார் அம்மா.

நான் காட்டிக்கொள்ளாமல் சாப்பிட உட்கார்ந்தேன். அப்பா என் எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஞாயித்துக்கிழமை உனக்கு ஏதாவது படிப்பு இருக்கா?” என்றார்.

“இல்லப்பா.”

“அந்த நிபுணர் வரும்போது நீ இடது பக்கத்து சீட்ல ஏறி உக்காந்துக்க. கதவ ஒட்டி. யாரு எறங்கச் சொன்னாலும் எறங்காத.”

“குதிரைமுடி அமுங்கிருமேப்பா.”

“அமுங்கட்டும்.”

“ஏம்ப்பா, அந்தக் கதவுல என்ன?”

“ஒண்ணும் இல்ல. சரியா மூடமாட்டேங்குது,” என்றார். அப்பாவுக்குப் பொய் சொல்லவே வராது என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

எனவே ஐயா அவர்கள் கட்டுரையை ஒரு வரிகூட வெட்டாமல் வெளியிடவும். நிபுணரும் தாராளமாக வரட்டும். வெளியிலிருந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும். நான் இறங்க மாட்டேன்.