பிரதர் எலிசியோ உருவிய ஒன்பது திருகாணி

எங்கள் ஊர் சான் ரோக்கேயில் ஞாயிறு கோழிச்சண்டை, வியாழன் பிரதர் எலிசியோ. இரண்டுக்கும் ஒரே கொட்டகை. கூட்டம் வியாழனுக்குத்தான் அதிகம்.

எலும்பு முறிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தகடு வைத்து முடுக்கிய திருகாணிகளைப் பிரதர் கத்தியில்லாமல் உருவுவார். பஞ்சால் தேய்ப்பார். சிவப்புத் தண்ணீர் வழியும். திருகாணி வாளியில் 'டங்' என்று விழும். நாங்கள் அழுவோம். நானும் அழுதிருக்கிறேன், மறைப்பானேன்.

அந்த வியாழன் மேடையில், கக்கத்தில் கட்டை ஊன்றி டொமெங். பைக்கில் பக்கவண்டி பூட்டிய டிரைசைக்கிள் ஓட்டுபவன். கால் எலும்பு முறிந்து ஏழு வாரம். உள்ளே ஆறு திருகாணி என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன். டங், டங் என்று ஒன்பது விழுந்தன.

"கட்டைய வீசுப்பா. கால ஊணி ஆடு," என்றார் பிரதர்.

டொமெங் வீசிவிட்டான்.

"கால தரையில வச்ச, மத்தத நானே ஒடிப்பேன்." அவன் பெண்டாட்டி லிகாயா மேடையேறினாள். டிரைசைக்கிள் மெக்கானிக். "டாக்டர் போட்டது ஆறு. ஒன்பது எப்படி வந்துச்சு?"

"அருள் கூடுதல்டி."

"எலும்பு இன்னும் கூடலய்யா. ரெண்டு துண்டையும் நெருக்கிப் பிடிச்சிருக்கிறதே அந்தத் தகடுதான். இப்ப ஆடுனா, மடக்கி மடக்கி ஒடிக்கிற கம்பி மாதிரி அதுவும் ஒடியும். அப்புறம் வண்டிய யார் ஓட்டுவா?"

வாளியிலிருந்து ஒன்றை எடுத்தாள். "டாக்டர் காட்டுனதுல தலையில ஆறுமூலைக் குழி. இதுல கூட்டல் குறி. நான் தினம் வண்டியில முடுக்குறது."

"ஆவி தொட்டா வடிவம் மாறும், மகளே."

லிகாயா இடுப்பிலிருந்து வட்டக் காந்தத்தை எடுத்தாள். எஞ்சினுக்குள் விழும் திருகாணியைத் தேட வைத்திருப்பது. டொமெங் காலில் வைத்தாள், காந்தம் ஒட்டவில்லை. "உள்ள இருக்கிறது காந்தத்துல ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாரு." வாளியில் விட்டாள், ஒன்பதும் ஒட்டின. பிரதரின் பஞ்சுக் கூடைக்குள் விட்டாள். பஞ்சுருண்டைகள் கொத்தாக வந்து ஒட்டின, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு திருகாணி.

தோற்ற கோழியைத் தூக்கிப்போகும் வாசல் வழியே பிரதர் நழுவினார். ஒற்றைக் காலில் நின்ற டொமெங், "கட்டைய எடுத்துக் குடும்மா," என்றான்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி லிகாயாவின் முன்னே முழந்தாளிட்டாள். "அந்தக் காந்தத்த என் இடுப்புல ஒரு தடவ வையேன், தங்கச்சி." பின்னால் வரிசை சேர்ந்தது. நான் மூன்றாவது ஆள்.

"இது ஓட்ட ஸ்பீக்கர்ல கழட்டுனது, அக்கா," என்றாள் லிகாயா. "ஆறு போட்ட கால்ல ஒன்பது விழுந்துச்சு. இத்தன பேர் உக்காந்து அழுதீங்களே, ஒருத்தராவது எண்ணிப் பாத்தீங்களா?"