இரண்டு புள்ளியும் ஒரு ‘ங்க’வும்

முதலிபாளையம்,
செவ்வாய்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தரணீதரன் அவர்களுக்கு, மாமனார் சிவசுப்பிரமணியம் எழுதுவது. என் தொண்டையைத் தவிர இங்கே அனைவரும் நலம். பெங்களூரில் தாங்களும், ஏழாம் மாதத்தில் இருக்கும் என் மகள் சண்முகப்பிரியாவும் நலமாயிருக்க முருகன் துணை.

போனில் பேச வேண்டிய விஷயம்தான். முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தியதில் தொண்டை புண்ணாகி, வார்த்தையை எண்ணிப் பேசச் சொல்லிவிட்டார் டாக்டர். வீட்டில் சும்மா கிடந்த எனக்கு நீங்கள் வீடியோ காலில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தீர்கள், அதில் வந்தது வினை. “ஏனுங் மாமா, பேரை ஒருக்கா சொன்னாப் போதுமுங்க, அப்புறம் ரெண்டு ரெண்டு புள்ளி வெச்சு வேலையை வரிசையாச் சொல்லீட்டே போலாமுங்க, அத்தனையும் அந்தப் பேருக்கே போய்ச் சேந்துரும்” என்றீர்கள். நல்ல சிக்கனம் என்று பட்டது. நம் ஊரில் ஒரு மனுசனுக்குக் காப்பி கொடுப்பதற்குள் எத்தனை ‘ங்க’ செலவாகிறது. மரியாதையையும் பேரோடு ஒருக்கா சொல்லிவிட்டால் மீதி மிச்சம்தானே.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா அர்த்தநாரி, வளைகாப்புப் பேச்சுக்காகச் சோமனூரிலிருந்து வந்தார். “சம்பந்திங்க.. வா.. உக்காரு.. காப்பி குடி” என்றேன். புள்ளி வரும் இடத்தில் முறைப்படி நிறுத்தவும் செய்தேன். காப்பி கொண்டுவந்த என் வீட்டுக்காரி, உங்கள் அத்தை, என்னை முறைத்தாள். உங்கள் அப்பா உட்கார்ந்தார், குடித்தார், இரண்டு முறுக்கும் தின்றார். எனக்குத்தான் மனசு அடித்துக்கொள்ள, கிளம்பும்போது “போய்ட்டு வாங்க சம்பந்திங்க, பாத்துப் போங்க” என்று டாக்டர் பேச்சை மீறிக் கொட்டினேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளே, வளைகாப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். அவர் இல்லாமல் என் மகளுக்கு வளையல் போட எனக்கு மனசில்லை, பயமாகவும் இருக்கிறது. அது என் திமிரில்லை, கம்ப்யூட்டர் இலக்கணம் என்று நீங்கள்தான் அவருக்கு விளங்கவைக்க வேண்டும்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உசுராகட்டும்.

இப்படிக்கு,
சிவசுப்பிரமணியம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உங்கள் அம்மா போன் செய்து அத்தையிடம் பேசினார். “புள்ளைங்களுக்குக் கல்யாணமாகி மூணு வருசத்துல அன்னைக்குத்தானுங்க உங்க ஊட்டுக்காரரு வாயில ‘வா’ன்னு வந்துச்சாம், கூடப்பொறந்தவன் கூப்புட்ட மாதிரி இருந்துச்சாம். போறப்ப மறுக்கா ‘ங்க’ போட்டுத் தள்ளி வெச்சுட்டாங்களாம், அதானுங்க கோவம்” என்கிறார். ஆகவே அப்பாவிடம் எதையும் விளக்கித் தொலைக்க வேண்டாம். நாளை நானே சோமனூர் போய் “அர்த்தநாரி, கெளம்பு” என்று கூப்பிடப் போகிறேன். காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறேன். “கெளம்பு” வரைக்கும் சரியாக வருகிறது, ‘ங்க’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.