ரத்த மகானின் அருள்நீர்

மண்டபம் கொள்ளாத கூட்டம். துணைக்கு வந்தவர்கள் போக அத்தனை பேரும் டயாலிசிஸ் நோயாளிகள், சிறுநீரகம் பழுதாகி மெஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொள்பவர்கள். டாக்டரிடம் ஆயிரம் கேள்வி கேட்டுக் குடைந்தவர்கள், ரத்த மகான் முன்னால் வாயே திறக்கவில்லை. பக்தி வந்தால் நாக்குக்கு விடுமுறை போலிருக்கிறது!

தங்கையின் தோளைப் பிடித்து அண்ணன் நின்றான். கால்கள் தூணாக வீங்கியிருந்தன, மூச்சு வாங்கியது. போன இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகவில்லை. இன்று சாயந்திரமும் போகமாட்டானாம்.

மகான் அவன் விரலைக் குத்தினார். வெறும் தண்ணீர் இருந்த கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு: கரைந்து தெளிந்த சிவப்பாயிற்று. அவர் விற்கும் அருள்நீர் இருந்த குழாயில் ஒரு சொட்டு: கலங்கலாகவே நின்றது.

"பாத்தியா? மெஷின் உன் ரத்த அணுவோட தோலைச் சுரண்டிடுச்சு. தண்ணி பட்டதும் வெடிக்குது. அருள்நீரைக் குடி, மெஷினை விடு!"

"கண்ணால பாத்தாச்சு. இன்னும் என்னடி சந்தேகம்?" என்றான் அண்ணன்.

நோயாளி அல்லாத ஒருவரின் ரத்தத்தைக்கூட இங்கே சோதிக்கவில்லையே என்பதுதான் தங்கையின் சந்தேகம்.

"சாமி, உங்க ரத்தம் ஒரு சொட்டு வெறுந்தண்ணியில விடுங்களேன்?"

"என் ரத்தம் நெருப்பு. குழாய் தாங்காது."

"அப்போ என்னோடது. நான் மெஷின்ல படுத்ததே இல்ல." புது ஊசியால் தன் விரலைக் குத்தி, வெறுந்தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாள். அதே தெளிந்த சிவப்பு!

யார் ரத்தமானாலும் அப்படித்தான். சிவப்பணு என்பது மெல்லிய சவ்வாலான பை. உள்ளே உப்பு; வெளியே வெறும் தண்ணீர் என்றால், தண்ணீர் உள்ளே புகுந்து பை உப்பி வெடிக்கும். வெளியிலும் ரத்தத்தளவு உப்பிருந்தால் வெடிக்காது. இயந்திரம் சவ்வைச் சற்று உரசுவது உண்மைதான். ஆனால் ரத்தத்தைக் கழுவாமல் விட்டால் தேங்கும் கழிவு சவ்வை விறைக்கவைக்கும், ஆளையே கொண்டுபோகும்.

தங்கை ஓர் அருள்நீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு நக்கினாள். "கரிக்குதுண்ணா!"

"அது அருளோட ருசின்னாரே... தினம் ஒரு பாட்டில் குடிச்சேனே!"

"உப்பும் தண்ணியும் குறைங்கன்னு டாக்டர் தலபாடா அடிச்சுக்கிட்டாரு. நீ காசு குடுத்து உப்புத்தண்ணி குடிச்சிருக்க!"

அண்ணன் தன் கால்களைப் பார்த்தான். "வண்டியைக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

மகான் பின்வாசல் தேடினார். கூட்டத்தில் ஒருவர் ஓடிப்போய் மறித்தார். பிடிக்கத்தான் என்று நினைத்தால், "சாமி, முட்டிவலிக்கு ஏதாச்சும் நீர் இருக்கா?" என்றார்.

விரலை நீட்டுமுன் கேள்வியை நீட்டுங்கள், ஐயா!