மாமனார் மணிக்கட்டும் மாப்பிள்ளை முழுக்கைச் சட்டையும்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், என் வலது மணிக்கட்டு நீங்கலாக. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பதாகக் கேள்வி. கேள்விதான், நேரில் சோதித்துப் பார்க்கவில்லை. நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் எதைக் கேட்டாலும் "சரிங்க மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். எதற்குச் சரி என்று பிறகு யோசித்தால் ஒன்றும் பிடிபடுவதில்லை. தவிர, ஆபரேஷன் ஆன கைக்குத் தினமும் எழுத்துப் பயிற்சி வேண்டும் என்று தெரபி அம்மா சொல்லியிருக்கிறார். சும்மா அ, ஆ எழுதுவதற்குப் பதிலாக மனசில் உள்ளதை எழுதினால் கைக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. முதலிலேயே ஒன்று: உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. மாப்பிள்ளையைச் சந்தேகப்படுகிற குடும்பம் இல்லை நம்முடையது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

நான் விழுந்த கதையை உங்கள் அத்தை சொல்லித்தான் கேட்டிருப்பீர்கள். அது ஒருதலைப்பட்சமானது. சர்வீஸ் முழுக்க நான் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை போட்டவன். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்தால் கடை வாசலிலேயே மோப்பம் பிடித்தவன். ஆள் ஓய்வு பெற்றால் மூக்குமா ஓய்வு பெற்றுவிடும்? வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்த பிறகும் கரண்ட் மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்க ஸ்டூல் மேல் ஏறினேன். எல்லா விளக்கையும் அணைத்திருந்ததால் ஸ்டூலின் விளிம்பு தெரியவில்லை. விழும்போதே பார்த்துவிட்டேன், மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஃப்ரிட்ஜை அணைக்க மறந்தது ஆம்புலன்ஸில்தான் ஞாபகம் வந்தது. மணிக்கட்டில் தகடு வைத்து ஆறு ஸ்க்ரூ போட்டதாக சர்ஜன் சொன்னார். எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து எண்ணினேன், ஐந்துதான் இருந்தது. கேட்டால், "ஆறாவது ஒண்ணுக்குப் பின்னால மறைஞ்சிருக்கு சார்" என்கிறார். மறைந்திருக்கிறது என்ற சொல்லையே ஏற்காத துறையில் வேலை பார்த்தவன் நான்.

பிறகு கார் விஷயம். கார் ஓடாமல் நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று நீங்களாகவே முன்வந்து எடுத்துப்போனீர்கள். பெரிய மனசு. கை சரியாகிவிட்டது என்று தெரபி அம்மா கையெழுத்துப் போட்டால்தான் சாவி திரும்பி வரும் என்று என் மகள் தீர்ப்புச் சொன்னாள்; பக்கத்தில் நின்று தலையாட்டியது நீங்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை உங்கள் அத்தையின் அக்கா வீட்டுக்குப் போக நானே என் காரில் பின்சீட்டுக்காரன் ஆனேன். பின்சீட்டிலிருந்து பார்த்தால் ரோடு தெரிவதில்லை மாப்பிள்ளை, உங்கள் பின்மண்டைதான் தெரிகிறது. ஒருநாள் நீங்கள், "மாமா, ஸ்டியரிங் கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்றீர்கள். இருபது வருஷம் என் சொல்லைக் கேட்ட ஸ்டியரிங் அது, உங்களிடம் மட்டும் ஏன் முறைக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் "சரிங்க மாமா" என்றீர்கள். அந்தச் சரியையும் நான் குறித்துக்கொண்டேன்.

தெரபிக்குப் போகிற இடத்தைச் சொல்கிறேன். மாடியில் ஒரு நீளமான அறை. சுவரில் திருப்புவதற்கு ஒரு சக்கரம், மேஜையில் பிசைந்து பழக மாவு மாதிரி ஒரு பச்சை உருண்டை, ஒன்பது ஓட்டை போட்ட பலகை, அதில் சொருக ஒன்பது குச்சி. குச்சியை ஒவ்வொன்றாக எடுத்துச் சொருகி, திரும்ப எடுத்துப் போட வேண்டும்; தெரபி அம்மா கையில் கடிகாரத்தோடு நிற்பார். ஏழாவது குச்சி எனக்கு எப்போதும் நழுவும். ஏழாவதில் மட்டும் ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள் என்று அதை எட்டாவதாக எடுத்துப் பார்த்தேன். அப்போதும் நழுவியது. மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி வைத்து அளப்பார். கடைசியாக, எதிரிகள் சேர்ந்து கண்டுபிடித்த ஒரு கருவி: கையால் அழுத்தினால் பிடி எத்தனை கிலோ என்று முள் காட்டும். என் இடது கைக்கு ஒரு கணக்கு, வலது கைக்கு அதில் பாதி. சரி, கருவி நியாயமானதுதானா என்று பார்க்க உங்கள் அத்தையை அழுத்தச் சொன்னேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். முள் என் இடது கையையும் தாண்டிப் போனது. கருவி கோளாறு என்று அன்றைக்கே எனக்கு உறுதியாகிவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று உங்கள் அத்தை முணுமுணுத்தார். தெரபி அம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அடுத்து கேள்வித்தாள். ஜாடி மூடியைத் திறக்கக் கஷ்டமா, கனமான பாத்திரம் தூக்கக் கஷ்டமா, கட்டில் விரிப்பை மாற்றக் கஷ்டமா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். கஷ்டமில்லை, கொஞ்சம் கஷ்டம், முடியவே முடியாது, இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விழுவதற்கு முன்னாலும் செய்ததில்லை என்று ஒரு பதிலுக்கு இடமே இல்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து நாற்காலியிலிருந்து, "எல்லாத்துக்கும் முடியவே முடியாதுன்னு போட்டுக்கோங்கம்மா, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான்" என்று குரல். என் மார்க் அதல பாதாளத்துக்குப் போனது. சொந்த மனைவியே எதிர்த்தரப்பு சாட்சியாகிவிட்டால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்?

சிரிக்காதீர்கள் மாப்பிள்ளை. கட்டுப் பிரித்த முதல் நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று சட்டையின் மேல் பொத்தானைப் போடப் பார்த்தேன். விரல் இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி நிற்கின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் கை இனி வராதோ, இனி யாராவது கொண்டுபோய் விட்டால்தான் எங்கும் போக முடியுமோ என்று பயமாக இருந்தது. கண்ணில் தூசி என்று உங்கள் அத்தையிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் ஒன்றும் கேட்காமல் பொத்தானைப் போட்டுவிட்டார். ஆகவே சாவி என்பது எனக்கு வெறும் சாவி இல்லை.

இப்போது சாட்சியங்களுக்கு வருகிறேன். ஒன்று: போன மாதம் தெரபி முடிந்து கீழே இறங்கினால் பின் தெருவில் என் கார் நிற்கிறது. கதவில் இருக்கும் நசுங்கல் நான் போட்டது, எனக்குத் தெரியாதா? அந்நேரம் நீங்கள் ஆபீஸில் இருப்பதாக என் மகள் போனில் சொன்னாள். பிறகு, உங்களை நான் அறிமுகமே செய்யாதபோது தெரபி அம்மா, "உங்க மாப்பிள்ளை ரொம்பப் பொறுமைசாலி சார்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். பேச்சை மாற்றி என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவே இல்லை, வேலை என்றீர்கள். அதற்கடுத்த வாரம் பஸ்ஸில் வந்தீர்கள். கார் எங்கே என்றால் "வீட்ல இருக்குங்க மாமா." அன்று அடிக்கிற வெயிலில் முழுக்கைச் சட்டை, விரல் வரை இழுத்துவிட்டு. தண்ணீர் டம்ளரை இடது கையால் வாங்கினீர்கள். வலது கை மேஜைக்கு அடியிலேயே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சட்டைக் கைக்குள் எதை மறைத்தீர்கள்? உங்கள் வீட்டுக்கு வந்தபோது கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். டிரைவர் சீட் முன்னுக்குத் தள்ளியிருந்தது. நீங்கள் நெட்டை. என் காரை எந்தக் குட்டையான ஆளுக்குக் கொடுத்தீர்கள்? நெருப்பில்லாமல் புகையாது. காரை நீங்களே வைத்துக்கொள்ளத் தெரபி அம்மாவைக் கையில் போட்டுக்கொண்டு என்னை ஃபெயில் ஆக்குகிறீர்கள் என்று வேறு யாராவது இருந்தால் நினைத்திருப்பார்கள். நான் நினைக்கவில்லை.

ஆனால் நேற்று நடவடிக்கை எடுத்தேன். பையில் என் பழைய ஐந்து கிலோ எடைக்கல், கொஞ்சம் கம்பி, ஈயக் குண்டு, இடுக்கி. (இடுக்கி என் சொந்தம், முத்திரை பதிக்கும் ஆபீஸ் இடுக்கியை ஓய்வு பெற்ற அன்றே ஒப்படைத்துவிட்டேன்.) தெரபி அம்மாவுக்குப் போன் வந்து வெளியே போனார். உடனே அந்தப் பிடிக் கருவியைச் சுவர் கொக்கியில் மாட்டி, கைப்பிடியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். ஐந்து கிலோவுக்கு முள் மூன்றைக்கூடத் தொடவில்லை! தப்பு அளவு காட்டுகிற கருவியை என்ன செய்வோம்? புழக்கத்திலிருந்து நிறுத்துவோம். கம்பியைக் கைப்பிடியின் சின்ன ஓட்டையில் கோத்து, மறுபக்கம் இழுத்து முறுக்கி, இரண்டு முனையையும் ஈயக் குண்டில் நுழைத்து, இடுக்கியால் நறுக்கென்று அழுத்தி முத்திரை வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் தெரபி அம்மா கதவருகே நிற்கிறார். எவ்வளவு நேரமாகவோ தெரியாது.

"என்ன சார் பண்றீங்க?"

"உங்க மீட்டரை முடக்கிட்டேன்மா. இனிமே இதை வச்சு யாரையும் அளக்கக் கூடாது."

அவருக்குக் கோபமே வரவில்லை. ஈயக் குண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கம்பியை எந்தக் கையால கோத்தீங்க?"

யோசித்தேன். கல்லைத் தூக்கியது வலது. கம்பியைக் கோத்தது வலது. இடுக்கியை அழுத்தியதும் வலது. வலித்ததா என்று கேட்டார். வலிக்க எங்கே நேரம்?

"ஒன்பது குச்சியைச் சொருகச் சொன்னா கை நடுங்குது. எங்க மிஷினைக் கெடுக்கணும்னா மட்டும் கை பறக்குது. அறுத்துட்டு இன்னொரு தடவை பண்ணுங்க, நான் பார்க்கணும்" என்று கடிகாரத்தை எடுத்தார்.

மறுபரிசோதனை செய்யாமல் முத்திரையை அறுக்க முடியாது என்று மறுத்தேன். பொறுமையாக விளக்கினார்: ஓரத்தில் கல்லைத் தொங்கவிட்டால் காட்டாது, உள்ளங்கை பிடிக்கிற நடு இடத்தில் பாரம் இறங்க வேண்டும். முத்திரை வெறும் தடை அடையாளம்தான், முள்ளைத் தடுக்காது; ஆகவே அப்படியே நடுவில் கட்டித் தொங்கவிட்டேன். முள் ஐந்தில் போய் நின்றது, மயிரிழை பிசகவில்லை. தலை குனிந்து முத்திரையை அறுத்தேன். மறுபடி கோத்துக் காட்டினேன். சுவர்ச் சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னார், திருப்பினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்! "முதல்ல காலி ரோட்ல ஓட்டுங்க, மாப்பிள்ளை பக்கத்துல உட்காரட்டும். அவருக்கும் ஓய்வா இருக்கும்" என்றார்.

எனக்குச் சந்தேகம் அங்கேதான் இரட்டிப்பானது. இத்தனை நாள் போடாத கையெழுத்தை இவ்வளவு சுலபமாக ஏன் போட்டார்? உங்களுக்கு எதிலிருந்து ஓய்வு? ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை காரையும் சாவியையும் கொண்டுவந்து சேர்க்கவும். மேலே கண்ட சாட்சியங்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கமும் தரவும். "சரிங்க மாமா" விளக்கம் ஆகாது.

மற்றபடி, நீங்களும் என் மகளும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசி. இதில் சந்தேகம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குப் பசை கேட்டு அடுக்களைக்குப் போனேன். "யாருக்குங்க இவ்வளவு பெரிய கடுதாசி?" என்றார் உங்கள் அத்தை. மாப்பிள்ளைக்கு என்றேன். "அவருக்கே கை முடியாம கிடக்கு, இதுல இது வேறயா?" என்றவர் உடனே வாயைப் பொத்திக்கொண்டார். நான் விடவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரும் என் கார் ஸ்டியரிங்கும் சேர்ந்து உங்கள் மணிக்கட்டு நரம்பை நெரித்துவிட்டதாம். அந்தத் தெரபி அம்மாவிடம்தான் நீங்களும் போனீர்களாம், குணமாகாமல் சின்னதாக ஒரு ஆபரேஷனும் ஆகிவிட்டதாம். சட்டைக் கைக்குள் இருந்தது கட்டாம். முன்னுக்குத் தள்ளிய சீட்டில் உட்கார்ந்து ஓட்டியது என் மகளாம். மாமாவிடம் ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னா அவரு காரைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றீர்களாம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டு உங்கள் அத்தை பசையைக் கொடுத்தார். உறையை ஒட்டாமல் மறுபடியும் பேனாவை எடுத்தேன். மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

அந்த ஸ்டியரிங் கெட்டிதான் மாப்பிள்ளை. எனக்கு எப்போதோ தெரியும். மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் மகள் காரை ஓட்டி வரட்டும், அப்புறம் நான் ஓட்டுகிறேன். நீங்கள் பக்கத்துச் சீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள், அங்கிருந்து ரோடு நன்றாகத் தெரியும்.

மேலே எழுதியதை நானே கிழித்திருப்பேன். ஆனால் விழுந்த பிறகு இந்தக் கை எழுதிய முதல் கடிதம், கிழிக்க மனசு வரவில்லை. படிக்காமல் நீங்களே கிழித்துப் போடுங்கள். கை வலித்தால் வேண்டாம், அப்படியே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து நானே கிழித்துத் தருகிறேன். கிழிக்க எனக்கு இப்போது கை வரும்.