மஞ்சள் வெளக்குக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு

பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு வெளியே,
வேன் நிழல்,
செவ்வாய் சாயங்காலம்.

குதிச்சது வாஸ்தவம்தான் அத்தான். ஆனா இருபது பேரு இல்ல, பதினோரு பேரு. நம்ம வேன்ல இருபது பேரு ஏறவே முடியாது. உங்களுக்கு போன் போட்டு வத்தி வச்ச சிவபாண்டி பொய்க்காரன்ங்கிறதுக்கு அதுவே மொத சாட்சி.

அன்பும் மரியாதையும் நிறைந்த முனியராஜ் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் மணிகண்டராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் வேனும் நலம். அங்கு காரியாபட்டியில் தாங்களும் தங்கள் இடது காலும் மாவுக்கட்டும் நலமாக இருக்க மாரியம்மன் துணை. நமக்குத் தெரிஞ்ச எழுத்துத் தமிழ் இம்புட்டுதான், இனிமே பேசுற மாதிரியே எழுதுறேன். போன்ல சொல்லலாம்னா நீங்க என்னையப் பேச விடமாட்டீக. நேத்து நாலு நிமிசம் பேசுனோம், அதுல என் பங்கு "அத்தான்"ங்கிற ஒரு வார்த்தை. போதாக்குறைக்கு, இங்கன கேட்டுக்கிட்டயே போன் ஆகாது, வாட்ச்மேன் ஆண்டிச்சாமி அண்ணாச்சி வாங்கி டப்பாவுல போட்டுட்டாரு. அதான் லெட்டரு. பொன்மணி அக்கா ராத்திரி பஸ்ஸுல உங்களப் பாக்க வருதுல்ல, அது கையில குடுத்துவிடுறேன். தாளைத் திருப்பிப் பாக்காதீக, அந்தப் பக்கம் பிப்ரவரி மாசம் இருக்கும், அதுல முப்பது தேதி போட்டிருக்கும், அதனாலதான் காலண்டர் பிரஸ்ஸுல கழிச்சுப் போட்டாக.

இப்ப விசயத்துக்கு வாரேன். பதினஞ்சு நாளைக்குச் சாவி தாரேன், ஒரு புகாரு வந்தாலும் சாவி சிவபாண்டி கைக்குப் போயிரும்னீக. ஒழுங்கா ஓட்டுனா தீபாவளி முடிஞ்சு வாங்குற ரெண்டாவது வேன் உனக்குன்னும் நீங்கதான் சொன்னீக. பாலிடெக்னிக்க பாதியில விட்டதுக்கப்புறம் என்னைய நம்பி ஒருத்தரு கையில குடுத்த ஒரே சாமான் இந்தச் சாவிதான், அத நான் சும்மா விட்டுருவேனா? டீசல் முள்ளு எப்பவும் பாதியிலயே நிக்கும், அத நம்பாத, நாலு நாளைக்கு ஒருக்கா டீசலப் போடுன்னு சொல்லிக் குடுத்தீக. போட்டேன். ஆனா சீசன்ல ஞாயித்துக்கிழமையும் வேலை வச்சுட்டாக, ஒருநாள் நடை கூடிப்போச்சு, அத நீங்களும் கணக்குல எடுக்கல, நானும் எடுக்கல. நேத்துக் காலையில ஏழு மணி இருக்கும், வெம்பக்கோட்டை டேம் தாண்டி வளைவுல வேகத்தடைக்காக நடக்குற வேகத்துக்கு வந்துட்டேன். அப்ப டேஷ்போர்டுல, நீங்க வண்டி வாங்குன நாள்ல இருந்து யாருமே பாக்காத எடத்துல, மஞ்சளா ஒண்ணு மின்னுச்சு. பெட்ரோல் பங்கு படம் போட்ட வெளக்கு அத்தான். முள்ளு செத்துப்போச்சு, வெளக்கு சாகல. ரெண்டு வருசம் ஆட்டோமொபைல் படிச்சு மனசுல நின்னது அந்த ஒரு பாடந்தான், அன்னைக்கு மட்டுந்தான் கிளாஸ்ல முழிச்சிருந்தேன்: சிவப்பு வந்தா நிறுத்து, மஞ்சள் வந்தா கவனி.

ஆனா பாலிடெக்னிக் படிச்சது நான் ஒருத்தன்தான். வேன்ல இருந்தவுக பூராம் பட்டாசுக்காரவுக. ரூமுக்கு நாலு பேரு, நாலு பக்கமும் கதவு, எங்கனயாச்சும் பொறி மின்னுச்சுன்னா என்னன்னு கேக்காத, செருப்பத் தேடாத, ஓடு. இதையே வருசம் பூராம் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டவுகளுக்கு முன்னால திடீர்னு ஒண்ணு மஞ்சளா மின்னுனா என்ன ஆகும்? நம்ம வேனுக்கும் நாலு கதவா, நாலும் ஒண்ணா தொறந்துச்சு. மொதல்ல யாரு குதிச்சாகங்கிறது இப்ப முக்கியமில்ல. முன் சீட்டு குருவம்மா பெரியம்மா, 'நான்தான்'னு ஊரு பூராம் சொல்லிட்டுத் திரியுது, பெரியவுக சொன்னா ஒத்துக்கிற வேண்டியதுதான். ஹேண்ட் பிரேக்க இழுத்த இழுப்புல வேனு ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. அஞ்சே செகண்டுல வண்டி காலி. யோகேஸ்வரி மதினி மக்காச்சோளக் காட்டுக்குள்ள போயி கதிரு கதிரா ஆடுறத வச்சுத்தான் எங்கன இருக்குன்னே தெரிஞ்சுச்சு. நிக்கிற வேன்ல இருந்து எறங்கி கால ஒடிச்சவரு நீங்க. உருளுற வேன்ல இருந்து குதிச்ச பதினோரு பேருக்கும் ஒரு கீறல் இல்ல. யாருடைய சர்வீஸ் நல்ல சர்வீஸ்னு நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறந்தான் கஷ்டம். எட்டு மணிக்கு கேட்ட அடைச்சா தெறக்கமாட்டாக, அன்னையச் சம்பளம் போச்சு, பழி என் தலையில. பங்கு ஆறு கிலோமீட்டர்ல, கம்பெனிக்குப் போற வழியிலயேதான் இருக்கு. இவுகளோ அம்பது அடி தள்ளி வரிசையா நின்னுக்கிட்டு அசையமாட்டேங்காக.

"ஏலே, என்னலே அது மின்னுது?"ன்னு குருவம்மா பெரியம்மா கேட்டுச்சு.

"டீசல் கொறஞ்சிருச்சுன்னு சொல்லுது பெரியம்மா."

"கொறஞ்சா கொறையட்டும். அதுக்கு எதுக்குலே மின்னுது?"

"அமத்திட்டுக் கூப்பிடு, ஏறுறோம்"னு சோளத்துக்குள்ள இருந்து யோகேஸ்வரி மதினி.

"மதினி, அமத்தணும்னா டீசல் போடணும், டீசல் போடணும்னா பங்குக்குப் போகணும், போகணும்னா நீங்க ஏறணும்."

"நீ போயி போட்டுட்டு வா. நாங்க இங்கன நிக்கோம்."

போயிட்டுத் திரும்பி வந்து இவுகள ஏத்திட்டுக் கம்பெனிக்குப் போனா மணி எட்டரை. டீசல் வண்டி, சுத்தமா வத்துச்சுன்னா பைப்புல காத்து ஏறிரும், அப்புறம் மெக்கானிக் வந்து காத்த எடுத்தாத்தான் கிளம்பும், அதெல்லாம் எனக்குத் தெரியும், அவுககிட்ட எப்படிச் சொல்ல? அவுக பாசையிலயே சொல்லுவோம்னு, "பெரியம்மா, இது பொறி இல்ல, திரின்னு நெனச்சுக்கோங்க. இன்னும் நாப்பது கிலோமீட்டர் திரி மிச்சம் இருக்குன்னு காட்டுது"ன்னேன். எம்புட்டு அழகான விளக்கம்! எந்த வாத்தியாரும் இப்படிச் சொல்லமாட்டாரு.

"திரி பத்திக்கிச்சுன்னா சொல்ற?"ன்னு கேட்டுட்டு பதினோரு பேரும் இன்னும் அம்பது அடி பின்னால போயிட்டாக.

அப்பத்தான் அத்தான், என் மூளை வேலை செஞ்சுச்சு. நேரா வரிசையில நின்ன ஐஸ்வர்யாகிட்ட போயி, "நெத்தியில இருக்குறதக் குடு"ன்னேன். அந்தப் பிள்ளை மொறச்சுச்சு. "ஏன், உனக்கு வைக்கணுமா?"ன்னுச்சு. "எனக்கில்ல, வேனுக்கு." மெரூன் கலரு ஸ்டிக்கர் பொட்டு, பெரிய சைஸு. கொண்டுபோயி வெளக்கு மேல ஒட்டுனேன், மின்னுறது மறைஞ்சுபோச்சு. பெரியம்மா வந்து சன்னல் வழியா எட்டிப் பாத்துச்சு, "இப்ப லட்சணமா இருக்கு"ன்னுச்சு, ஏறுச்சு. பின்னாலயே எல்லாரும் ஏறுனாக. உள்ள அது எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்குன்னு பதினோரு பேருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏறுனாக பாத்தீகளா, அது என் மேல வச்ச நம்பிக்கை.

அப்புறம் ஓட்டுனேன் பாருங்க ஒரு ஓட்டு! நாப்பதுக்கு மேல போகல, சும்மா சும்மா ஆக்சிலேட்டர மிதிக்கல, ஒருத்தரையும் முந்தல. ஒரு டிவிஎஸ் பெரியவரு என்னைய முந்திப் போனாரு, அதையும் தாங்கிக்கிட்டேன். வண்டி கனம் கொறையும்னு தண்ணிப் பாட்டில எல்லாம் குடிச்சுத் தீத்தாக, கனம் எங்க போகும்னு நான் கேக்கல. பங்குல ஒரு சொட்டு இல்லாம வந்து நிக்கல, இன்னும் முப்பது கிலோமீட்டர் மிச்சம் வச்சு வந்து நின்னேன். டீசல் போட்டு, சாவியத் திருப்பி, எல்லாரையும் கூப்பிட்டு பொட்டப் பிரிச்சுக் காட்டுனேன். அமந்திருந்துச்சு. கை தட்டுனாக அத்தான்! பங்குக்காரன் எனக்குப் பொறந்த நாளான்னு கேட்டான். ஏழு அம்பத்தெட்டுக்கு கம்பெனி. ஆண்டிச்சாமி அண்ணாச்சி கேட்டுல கை வச்சிருந்தாரு, எடுத்துட்டாரு. பதினோரு பேருக்கும் முழுச் சம்பளம். இதுக்குப் பேரு புகாரா?

அத்தைக்கும் மாமாவுக்கும் என் கும்பிடு. பிள்ளைகளுக்கு முத்தம். தங்கள் கால் சீக்கிரம் கூடி, ஆனா ரொம்பச் சீக்கிரம் கூடாம, நிதானமா கூட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கவனமுள்ள டிரைவர்
சு. மணிகண்டராஜ்

பின்குறிப்பு: எழுதி மடிச்சுட்டேன், ஆனா மனசு ஒப்பல. குருவம்மா பெரியம்மாகிட்ட எதுவும் கேக்காதீக, அது சொல்றது பொய். மொதல்ல குதிச்சது நான். பாலிடெக்னிக்க விட்டுட்டு மூணு மாசம் வெடிமருந்து ரூம்ல நின்னேன்ல, அந்தக் காலு கேக்கல. டிரைவரே ஓடுறானேன்னுதான் அவுக பூராம் ஓடுனாக. வேனு உருண்டுக்கிட்டு இருந்துச்சு, முன் சீட்டுல இருந்து ஹேண்ட் பிரேக்க இழுத்தது பெரியம்மா. கடைசியா எறங்குனதும் அதுதான். சோளக்காட்டுல எனக்கு முன்னால யாரும் இல்ல, யோகேஸ்வரி மதினி என் பின்னாலதான் வந்துச்சு. ஏன் பெரியம்மா எனக்காகப் பொய் சொல்றன்னு கேட்டேன். "ஓடுனவன்தாம்லே சோறு திங்க வீட்டுக்கு வாரான். ஓடாதவன் போட்டோவுல இருக்கான்"னு சொல்லிட்டு அது பாட்டுக்கு உள்ள போயிருச்சு. சாவிய சிவபாண்டிக்குக் குடுக்கணும்னா குடுங்க. ஆனா அவன் ஆறு மாசம் மருந்து ரூம்ல இருந்தவன், என்னைய விட தூரமா ஓடுவான். நேத்து ராத்திரியே டேஷ்போர்டுல எழுதி ஒட்டிட்டேன், மூணு நாளைக்கு ஒருக்கா டீ... வேலை முடிஞ்ச சங்கு ஊதிட்டாக, பெரியம்மா வருது, முன் சீட்டு பையத் தூக்கணும், போறேன்.