வெய்க்கோ அண்ணாவின் பெட்டியை ரைலி துடைத்த கதை

லாஹ்தி,
ஜூன் 9

அன்பும் மரியாதையும் மிக்க வெய்க்கோ அண்ணாவுக்கு, தம்பி ஓஸ்மோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரைலியும் உடம்பளவில் சுகம். ஏரியில் பனி உருகிவிட்டது, கொசு வந்துவிட்டது. அங்கே கடல் தாண்டிக் கோதன்பர்கில் நீயும் அண்ணியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். போனில் நாம் இரண்டு பேரும் பேசினால் நாற்பது நொடிக்கு மூச்சுவிடும் சத்தம்தான் கேட்கும், அப்புறம் யாராவது ஒருவர் "சரி" என்று சொல்லி வைத்துவிடுவோம். இது நாற்பது நொடியில் அடங்குகிற விஷயம் இல்லை.

உன் அட்டை கிடைத்தது. பதினொரு வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு வெறும் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவன், இந்தத் தடவை இரண்டு வரி எழுதியிருக்கிறாய். "நடுக்கோடைத் திருநாளுக்கு வருகிறேன். ஆம்ப் பத்திரமா?" தம்பி பத்திரமா என்று கேட்கவில்லை. பரவாயில்லை, அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அட்டையைப் பார்த்ததும் டிரம்ஸ் தாய்ஸ்தோவுக்கும் பாஸ் கிடார் ஔலிஸுக்கும் போன் போட்டேன். ஏரிக்கரையில் தீ மூட்டும் இடத்தில், நம் பழைய இசைக்குழு 'கறுப்பு உறைபனி' மறுபடி வாசிக்கப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லியும் விட்டோம். ஔலிஸ் சலூனுக்குப் போவதை நிறுத்திவிட்டான், முடி வளர வேண்டுமாம். வளர்வதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிடார் சத்தத்தைப் பெருக்குகிற உன் ஆம்ப் பெட்டி பத்திரமாக இருக்கிறது. உன் சத்தம் போய்விட்டது.

நீ ஊரைவிட்டுப் போன அன்று எங்கள் குடியிருப்புக்கு அடியில் இருக்கிற போர்க்காலக் குண்டுவீச்சுப் பதுங்கறையில், நாம் வழக்கமாக வாசிக்கிற அந்த மூலையில், ஆம்பைக் காட்டி என்ன சொன்னாய் என்பது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "மாசம் ஒரு தடவ ஆன் பண்ணு. பதினஞ்சு நிமிஷம் வால்வு சூடாகட்டும். அணைச்சிடு. கிடார் ஒயரச் செருகாத. நான் வந்து செருகுறப்போ இதே சத்தம் வரணும்." பதினொரு வருஷம் அண்ணா, ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போய், முக்காலியில் உட்கார்ந்து, உள்ளே கண்ணாடிக் குழாய் வால்வுகள் சிவக்கிறதைப் பார்த்துவிட்டு, அணைத்துவிட்டு மேலே வந்திருக்கிறேன். "ஆஸ்பத்திரியில ஆளப் பாக்கப் போற மாதிரி போறியே மனுஷா" என்று ரைலி கேலி செய்வாள். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன்.

போன மாதம் எங்கள் குடியிருப்பின் வசந்தகாலத் துப்புரவு நாள். உனக்குத் தெரியாததா, எல்லோரும் வாரியும் கையுறையுமாக இறங்கி வேலை செய்துவிட்டு, கடைசியில் தொத்திறைச்சி சுட்டுத் தின்று கலைவது. இந்த வருஷம் பதுங்கறையைச் சோதிக்கத் தீயணைப்பு அதிகாரி வருகிறார் என்று சங்கத் தலைவி ஹில்க்கா அக்கா ஒரே கெடுபிடி. மூன்றாம் மாடி ஹில்க்காதான், நாற்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதுங்கறையைத் துடைக்கிற பொறுப்பு ரைலிக்கு வந்தது. நான் மேலே தொத்திறைச்சி கருகாமல் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த அற்ப வேலைக்காக மேலே நின்றுவிட்டேன். கீழே இறங்கி வந்தால் பைன் சோப்பு வாசனை மூக்கைத் துளைக்கிறது, உன் ஆம்ப் கடையிலிருந்து வந்த நாளில்கூட அப்படி மின்னியிருக்காது. சத்தத்தை அமைக்கிற மேல் வரிசைக் குமிழ்கள் ஆறும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன.

"ரைலி, இந்த நாப் எல்லாம்..."

"ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் நேரா வெச்சிட்டேன். அழகா இல்ல?"

நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். ரைலியைத் திட்டவில்லை. சொன்னால் நம்பு. கீழ் வரிசைக் குமிழ்கள்மேல் நீளமாக ஒரு பழுப்பு டேப்பை நீ ஒட்டிவிட்டுப் போயிருந்தாயே, அதை அவள் தொடவில்லை. அது உனக்குத் தேவைப்படாத மென்மையான சத்தத்துக்கான வரிசை என்றுதானே மூடி வைத்தாய்? நீ எந்தக் காலத்தில் மென்மையாக வாசித்தாய்? பாவம், அந்த வரிசை மட்டும் தப்பித்தது. எது தப்பிக்க வேண்டுமோ அது தப்பிக்கவில்லை.

உன் ஆணையை மீறி ஒயரைச் செருகினேன். உன் கால் பெடல் நீ விட்டுப்போன இடத்திலேயே கிடந்தது, அதைத் தொடவில்லை. அண்ணா, என்னத்தைச் சொல்ல. தகர டப்பாவுக்குள்ள குளவியப் போட்டு மூடி, அந்த டப்பாவ ஒருத்தன் ரம்பத்தால அறுத்தா எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். கனமும் இல்லை, தெளிவும் இல்லை. கிடார் தந்திகளில் எந்த கார்டைப் பிடித்தாலும் அதே கூழ். உன் சத்தம் எப்படி இருக்கும்! நெஞ்சுக்கூட்டில் வந்து நிற்குமே! அதையா இப்படி ஆக்கிவிட்டோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாளே தாய்ஸ்தோவையும் ஔலிஸையும் வரவழைத்து, அண்ணன் எதை எதில் வைத்திருந்தான், ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள் என்றேன்.

"கெயின் குமிழ் பத்துலதான் இருந்துச்சு. என் கண்ணால பாத்திருக்கேன்" என்றான் ஔலிஸ்.

"உன் கண்ணுக்கு அப்பவே கண்ணாடி போட்டிருக்கணும்டா. பத்துல வெச்சா இப்படிச் சீறுது பாரு" என்றேன் நான்.

"அப்ப ஏழு. நடுச்சத்தம் மிட்டு சுத்தமா கிடையாது, சைபர். சத்தியமா."

"தாய்ஸ்தோ, நீ சொல்லு."

தாய்ஸ்தோ "ம்" என்றான். முப்பது வருஷமாக அவன் அதைத்தான் சொல்கிறான். அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு திருகலையும் எழுதி, பக்கத்தில் தாய்ஸ்தோவின் "ம்" நீளமா குட்டையா என்றும் குறித்துவைத்தேன். அறுபத்து மூன்று விதமாக வைத்துப் பார்த்தாகிவிட்டது அண்ணா. கெயினை ஆறரைக்கு இறக்கினால் குளவி கொஞ்சம் அடங்கிய மாதிரி இருக்கும், ஆனால் ரம்பம் கூடிவிடும். மிட்டை ஏற்றினால் ஒரு பூஞ்சைக் குரல் வந்தது. அது எனக்கும் ஔலிஸுக்கும் தெளிவாகவே கேட்டது. பாஸ் குமிழைக் குறைத்ததும் "ஆங், இப்ப இறுகுது பார்"னு ஔலிஸ் தொடையில தட்டினான். பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பினோம், பீர் கிரேட்மேல ஏத்தினோம், இறக்கினோம். ரைலி குற்ற உணர்ச்சியில ஒவ்வொரு சாயங்காலமும் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்து வெச்சிட்டு, நான் எதைத் திருகினாலும் "இப்ப தேவலையே"ங்கிறா. நான் தும்மினாக்கூட தேவலைன்னுதான் சொல்லியிருப்பா.

போதாக்குறைக்கு ஹில்க்கா அக்கா வேறு இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"ஓஸ்மோ, மூணு வாரமா ஒரே சத்தம். கொஞ்சங்கூட மாறல."

"மன்னிச்சுக்கங்க அக்கா. இன்னிக்குக் கீச்சுச் சத்தம் ட்ரெபிளை உங்களுக்காகவே பாதியாக் குறைச்சிருக்கேன்."

"ஒண்ணும் குறையல. நாப்பது வருஷம் லைன்ல காது வெச்சுக் கேட்டவ நான். எனக்குத் தெரியாதா?"

பாட்டு ரசனை இல்லாதவர்களிடம் என்ன வாதம் செய்வது? தலையை ஆட்டி அனுப்பிவைத்தேன்.

அண்ணா, இதற்குமேல் என்னால் முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. நீராவிக் குளியலுக்குச் சௌனாவில் உட்கார்ந்தால்கூடக் கை தானாக எதையோ திருகுகிறது. நீ இங்கே வருவது அந்தப் பெட்டிக்காக என்று எனக்குத் தெரியும், எனக்காக இல்லை. வருவாய், ஒயரைச் செருகுவாய், ஒரு கார்டு அடிப்பாய், ஒயரைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த கப்பலில் திரும்பிப் போய்விடுவாய். அப்புறம் கிறிஸ்துமஸ் அட்டைகூட வராது. எனக்கு அந்தப் பயம்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் கடைசியாக வாசித்த அன்று, "உன் சத்தம் ஒரே இரைச்சல், அதுல என் கிடார் யாருக்கும் கேக்கல"ன்னு எல்லார் முன்னாலயும் உன்கிட்ட கத்தினேன். அடுத்த வாரம் கோதன்பர்க் போய்விட்டாய். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. நான் சொன்னது தப்பு. உன் சத்தம் ஒரு குறையும் இல்லாத சத்தம், தொலைத்த பிறகுதான் தெரிகிறது. என்னை மன்னித்துவிடு. ரைலியையும் மன்னித்துவிடு, அவள் துடைத்தாளே தவிர வேறொரு பாவமும் செய்யவில்லை.

அண்ணிக்கு எங்கள் அன்பு. உன் முழங்கால் வலி தீர வேண்டும். கப்பலில் மேல்தளத்தில் நிற்காதே, காற்று காதில் போகும். எங்கிருந்தாலும் இருவரும் நல்லபடியாக வாழ வேண்டும் என்று ரைலியும் நானும் தினமும் நினைத்துக்கொள்கிறோம்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும் தம்பி,
ஓஸ்மோ

பி.கு.: பதுங்கறையில் உட்கார்ந்து உறையை ஒட்டப்போகும்போது ஹில்க்கா அக்கா மறுபடி வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்காமல் நேரே பெட்டிக்கு முன்னால் வந்து குனிந்தார். "கால்கிட்ட கிடக்கிற இந்த பெடல்ல சிவப்பு விளக்கு எரியுது. மேல் வரிசையில பச்சைப் புள்ளி இருக்கு. அப்ப சிவப்பு எங்க?" என்று கேட்டு, உன் பழுப்பு டேப்பின் ஓரத்தை நகத்தால் உரித்தார். அங்கே இருந்தது அண்ணா, சிவப்புப் புள்ளி. பெடலில் எந்த நிறம் எரிகிறதோ அந்த வரிசைதான் வேலை செய்யுமாம். நீ மூடி வைத்ததுதான் உன் வரிசை. மூன்று வாரமாக நாங்கள் திருகியது மென்மைச் சத்தத்தின் குமிழ்களை. அதாவது ஒன்றும் மாறவே இல்லை. ஔலிஸ் தொடையில் தட்டியதை அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

ஆகவே உன் சத்தம் பத்திரமாக இருக்கிறது, நீ வைத்தது வைத்தபடி. மேலே குளவி, ரம்பம், கூழ் என்று நான் எழுதியதெல்லாம் அதைப் பற்றித்தான். எட்டுப் பக்கம் எழுதிய கை வலிக்கிறது, கிழித்துவிட்டு மறுபடி எழுத முடியாது, அந்த இடங்களைப் படிக்காமல் தாண்டிவிடு. கடைசி நாளில் நான் கத்தியது தப்பு என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதையும் நீ வந்த பிறகு நிதானமாகப் பேசிக்கொள்வோம்.

இன்னும் ஒன்று. ஹில்க்கா அக்கா சொன்னது நிஜம்தானா என்று பார்க்கச் சிவப்பு வரிசையில் மிட்டை மட்டும் சும்மா கொஞ்சம் ஏற்றிப் பார்த்தேன். சத்தம் நெஞ்சில் வந்து நின்றது. தாய்ஸ்தோ குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றான். அந்தப் பதற்றத்தில் குமிழ் முன்பு எங்கே இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. செய்யாத தப்புக்குக் கேட்ட மன்னிப்பை இந்தத் தப்புக்கு வைத்துக்கொள். என்னைத் திட்டுவதற்காவது வா அண்ணா.