உங்கள் ஜீப்பின் பின்னால் போன ரேஸ் கார்

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் வாய்த்த மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, அவளுடைய ரேஸ் கார் மூவரும் சுகம். உங்கள் மனைவியின் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் இரவல் தந்த ஜீப்பின் உடல்நிலை பற்றி இரண்டாம் பக்கத்தில் விவரமாக எழுதியிருக்கிறேன். அவசரப்பட்டு அதை முதலில் புரட்ட வேண்டாம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வரிசையாகப் படிக்கவும்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் லாரி எடை மேடையில் உட்கார்ந்து எழுந்தவன். எடை போடும்போது மேடையின் ஓரத்தில் ஒரு கிளீனர் ஒற்றைக் காலை வைத்தால்கூடக் கண்டுபிடித்து விரட்டியிருக்கிறேன். உங்கள் அக்காவோ இருபத்தாறு வருடம் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்ட, தான் பிரேக் போட்டுக்கொண்டிருந்தவள். ஓய்வு பெற்ற மறுநாள் கோயில் குளம் என்று கிளம்புவாள் என நான் எதிர்பார்க்க, ஆள் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, முதுகில் இன்ஜின் வைத்த ஒரு பழைய ரேஸ் காரோடு வந்து நின்றாள். “இத்தனை வருஷம் மெதுவாப் போ, மெதுவாப் போன்னு சொல்லி வாய் வலிச்சுப் போச்சுங்க. ஒரே ஒரு ரேஸ் முழுசா ஓட்டி முடிச்சுடறேன். அப்புறம் வித்துடலாம்” என்றாள். நானும் ஒப்புக்கொண்டேன். ஒரே ஒரு ரேஸ் என்பதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரேஸ் காரைச் சாலையில் ஓட்டிப் போக அனுமதி கிடையாது. ஆகையால் மைதானம் வரை அதைச் சுமந்து போக வேண்டும். கார் ஏற்றிச் செல்லும் கம்பெனிக்காரனைக் கேட்டேன். அவன் சொன்ன வாடகைக்கு நான் அந்தக் கம்பெனியிலேயே பங்கு வாங்கலாம் போலிருந்தது. கயிறு கட்டி இழுத்துப் போகலாமே என்றேன். உங்கள் அக்கா பார்த்த பார்வையில் அந்த யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டேன். மேல் மாடிப் பல் டாக்டரிடம் படகு ஏற்றும் ட்ரெய்லர் ஒன்று சும்மா கிடந்தது. ஆனால் அது படகின் வயிற்றுக்கு ஏற்றபடி நடுவில் பள்ளமாக இருக்கிறது. காருக்கு அந்த மாதிரி வயிறு இல்லை. முயற்சி செய்து பார்த்ததில் நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, காரை இறக்கவே அரை நாள் ஆயிற்று. கடைசியில் தன்னுடைய தட்டையான ட்ரெய்லரைத் தந்து கைகொடுத்தவர் செடி நர்சரிக்காரர். வாடகையே வேண்டாம் என்றார். “போற வழிதானே சார், புது ஆஸ்பத்திரி ஒண்ணு திறக்கிறாங்க. இருபத்திரெண்டு தொட்டி. அப்படியே வாசல்ல இறக்கிட்டுப் போயிடுங்க” என்று கேட்டுக்கொண்டார். இதைவிட மலிவாக ஒரு ரேஸ் காரை எவனும் மைதானத்துக்குக் கொண்டுபோயிருக்க முடியாது என்று நான் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான்.

இழுக்கிற பாரம் குறைந்தால் டீசலும் குறையும் அல்லவா? அதனால் முதல் நாள் உட்கார்ந்து, காரில் தேவையில்லாததை எல்லாம் கழற்றினேன். துடைக்கும் துணி, தண்ணீர் பாட்டில், சீட்டுக்கு அடியில் எந்த வேலையும் செய்யாமல் நாலு போல்ட்டோடு சொகுசாகப் படுத்திருந்த ஓர் இரும்புத் தகடு. கையில் தூக்கியதுமே ஒன்பது கிலோ என்று சொல்லிவிட்டேன். அனுபவம் எங்கே போகும்? அந்தத் தகடு இப்போது எங்கள் கராஜ் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக உருப்படியான வேலை பார்க்கிறது.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். மைதானத்தில் ஒன்பது மணிக்குள் காரைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும், தவறினால் அன்றைக்கு ரேஸ் இல்லை. ரேஸ் ஓட்டப் போகிறவள் களைத்துவிடக் கூடாது என்று ஜீப்பை நானே ஓட்டினேன். காரை ஏற்றும்போதே உங்கள் அக்கா, “பின்பக்கமா ஏத்துங்க, இன்ஜின் ஜீப் பக்கம் வரட்டும்” என்றாள். எடை மேடைக்காரனுக்கே எடை பற்றிப் பாடமா? “மொத்த எடை மொத்த எடைதான், எப்படித் திருப்பினா என்ன?” என்று மூக்கு முன்னால் இருக்கும்படி ஏற்றி, இன்ஜினுக்கும் பின்னால் வாலோரமாக இருபத்திரண்டு தொட்டிகளையும் அடுக்கினேன். பெரிய சாலையில் ஏறிக் கொஞ்சம் வேகம் பிடித்ததுமே ட்ரெய்லர் இடுப்பை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் காற்று என்றேன். பிறகு ரோடு சரியில்லை என்றேன். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே இரண்டு கையும் போதவில்லை, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்து போய்க் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போனார். உங்கள் அக்கா பழக்க தோஷத்தில் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். ஜீப்பின் இடப்பக்கக் கால்மிதியடியில் ஒரு குதிகால் அளவுக்கு ஓட்டை இருக்கும், அது அவளுடையது. ஆஸ்பத்திரி வாசலில் ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்தேன். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் அந்தப் பக்கம் போகிறது, அதைச் சரிசெய்யத் திருப்பினால் கோபித்துக்கொண்டு மடங்கி வந்து ஜீப்பின் மேலேயே சாய்கிறது. பின் பம்பரில் உள்ள பள்ளம் என்னுடையது. ஜீப்பில் வீசும் எரு வாசனைக்கு நாங்கள் இருவருமே பொறுப்பு.

தொட்டிகளை இறக்கிய பிறகு ஆட்டம் பாதியாகக் குறைந்தது. உங்கள் அக்காதான் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, காரை இறக்கி, திருப்பி, இன்ஜின் ஜீப் பக்கம் வரும்படி தானே ஏற்றினாள். அதன்பின் ட்ரெய்லர் பெட்டிப்பாம்பாக வந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எட்டே முக்காலுக்கு மைதானம். அங்கே ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் தட்டையான ஒரு தராசை வைத்து, ஓட்டுபவரும் உள்ளே உட்கார, எடை பார்க்கிறார்கள். மொத்தம் ஐநூறு கிலோவுக்குக் குறையக் கூடாது. போன மாதம் பார்த்த எடைச் சீட்டில் ஐநூற்று மூன்று என்று இருந்ததால் நான் நிம்மதியாக இருந்தேன். காட்டியதோ நானூற்றுத் தொண்ணூற்று நான்கு. பரிசோதகர் பேனாவை மூடிவிட்டு, “ஆறு கிலோ குறையுது மேடம். இந்தத் தடவை விட முடியாது” என்றார். ஹெல்மெட்டுக்குள் உங்கள் அக்காவின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் ரேஸ் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய்க் கையோடு சாப்பிட வந்தவள். உண்மையைச் சொல்கிறேன், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்காக நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன்.

“சார், உங்க தராசு பொய் சொல்லுது. முப்பத்தோரு வருஷ சர்வீஸ் சொல்றேன், எழுதிக்குங்க” என்று தரையில் மண்டிபோட்டுத் தேடினேன். பின்னால் வலப்பக்கத் தராசுக்கு அடியில் ஒரு கூழாங்கல்! எடுத்தேன். மறுபடி போடச் சொன்னேன். பக்கத்திலேயே நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐநூற்று ஒன்று! பரிசோதகர் அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். பக்கத்துக் காரின் மெக்கானிக்கிடம் சொல்லி, நான் கல்லைத் தூக்கிப் பிடித்திருக்க, பின்னால் எண் பளிச்சென்று தெரிய, அந்தக் கணத்திலேயே படமும் எடுக்கச் செய்தேன். பிரதி ஒன்று இத்துடன் இணைத்திருக்கிறேன். சட்டம் போட்டு மாட்டுவது உங்கள் விருப்பம்.

பதினான்கு காரில் அவள் பதினோராவதாக முடித்தாள். இறங்கி வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, “உங்களாலதாங்க” என்றாள். சந்தோஷத்தில் அந்த மெக்கானிக்குக்கு என் செலவில் டீ வாங்கிக் கொடுத்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

ஆக, ஒப்பந்தப்படி ஒரு ரேஸ் முடிந்தது. சான்றிதழைக் கூடத்துச் சுவரில், நான் பணி ஓய்வு பெற்றபோது கொடுத்த கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, மாட்டியாயிற்று. இனி கார், ட்ரெய்லர், தொட்டி எதன் பக்கமும் நான் போவதாக இல்லை. தாங்கள் தம்பி என்ற உரிமையில் உங்கள் அக்காவிடம் பக்குவமாகப் பேசி, காரை நல்ல விலைக்கு விற்க வைக்க வேண்டும். ஜீப்பை வரும் சனிக்கிழமை கழுவி, பம்பரை நிமிர்த்தி, கொண்டுவந்து விடுகிறேன்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசிகள், ஜீப்புக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
எடை தவறாத உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கடிதத்தை உங்கள் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். கராஜ் கதவு வரைக்கும் படித்தவள் எழுந்து போய், அந்த இரும்புத் தகட்டோடு வந்து மேஜையில் வைத்தாள். “எடை சரிக்கட்ட நான் போட்டு வச்சது இது” என்றாள். அப்படியானால் தராசு உண்மையைத்தான் சொன்னது. பிறகு ஐநூற்று ஒன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் புகைப்படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். என் கையில் கல். என் முகத்தில் வெற்றி. என் வலது செருப்பு, பின்னால் வலப்பக்கத் தராசின் மேல்.

அவளே மைதானத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். முடிவு ரத்து, சான்றிதழைத் திருப்பி அனுப்ப வேண்டும், தானாக ஒப்புக்கொண்டதற்காக அடுத்த மாதம் இன்னொரு வாய்ப்பு தருகிறார்களாம். என்ன நேர்மை என்று மெய்சிலிர்த்துப் போனேன், போனை வைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பைப் பார்க்கும் வரைக்கும். ஒரு ரேஸ்கூட இன்னும் முடியவில்லை அல்லவா, ஒப்பந்தம் அப்படியே நிற்கிறதாம். தகட்டை மறுபடி முடுக்கிவிட்டேன். நர்சரிக்காரரும் சம்மதித்துவிட்டார், இந்தத் தடவை முப்பது தொட்டி. ஆகவே விற்கச் சொன்னதை மறந்துவிடுங்கள், சனிக்கிழமை ஜீப்பை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ரேஸ் அன்று நீங்கள் அவசியம் வர வேண்டும் என்கிறாள் உங்கள் அக்கா. வேலை ஒன்றும் பெரிதில்லை. எடை போடும்போது என்னைக் கையைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டுமாம்.